5 லட்சம் வெற்றிடங்கள்: ஒரு எண்ணின் வரலாறு

இந்த நாட்டில் வேலை இல்லை என்று யாராவது இளம் ஆட்கள் வாய் திறந்தால் உடனே ஒரு பதில் வந்து விழும்: "வேலை கிடக்கு, செய்யத்தான் ஆளில்லை." கடந்த சில வருஷங்களாக இந்தப் பதிலுக்கு ஒரு எண்ணும் துணைக்கு வந்திருக்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2017 இல் தனியார்துறை நிறுவனங்களிடம் தொழிலாளர் கேள்வி பற்றி ஒரு அளவீடு நடத்தியது. அதில் கிட்டத்தட்ட 5 லட்சம் வெற்றிடங்கள் இருப்பதாகக் கணக்கு வந்தது. அதே ஆண்டில் வேலையில்லாதோர் வீதம் 4.2 சதவீதம், ஆட்கணக்கில் 3 லட்சத்து 60 ஆயிரம் அளவில். வெற்றிடம் கூட, வேலை தேடுகிறவர்கள் குறைவு. பிறகென்ன, பெடியளுக்குச் சோம்பல் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அந்த எண் பிழை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எங்கட கேள்வி வேறு. ஒரு நிறுவனம் "ஆள் தேவை" என்று சொல்வதற்கும், அது உண்மையிலேயே ஆள் எடுப்பதற்கும், அது வளர்வதற்கும் இடையில் என்ன தொடர்பு? மூன்றும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டுதான் மேலே சொன்ன பதில் நிற்கிறது. வெற்றிடங்களை எண்ணத் தொடங்கி நூறு வருஷத்துக்கு மேலாகிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் மூன்றும் மூன்று வழிக்கு இழுப்பது தெரியும்.

கதையை லண்டன் துறைமுகத்தில் தொடங்கலாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே வேலை வெற்றிடம் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒட்ட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. விடியக்காலை வாசலில் ஆட்கள் கூடுவார்கள். மேற்பார்வையாளர் வந்து தனக்கு வேண்டியவர்களைப் பொறுக்கி எடுப்பார். மிச்சப்பேர் வீட்டுக்குத் திரும்புவார்கள். எடுபட்டவருக்கும் அன்று எத்தனை மணித்தியாலம் வேலை என்பது தெரியாது. 1889 இல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பார்த்தாலே நிலைமை விளங்கும்: மணித்தியாலத்துக்கு 6 பென்ஸ் கூலி, ஒருவரை எடுத்தால் குறைந்தது 4 மணித்தியாலமாவது வேலை.

இதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களில் ஒருவர் வில்லியம் பெவரிட்ஜ். 1879 இல் வங்காளத்து ரங்பூரில், பிரித்தானிய சிவில் சேவை அதிகாரி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஒக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு கிழக்கு லண்டனில் ரொயின்பி ஹோல் என்ற சமூகநல நிலையத்தில் வேலை செய்தார். 1909 இல் வேலையின்மை பற்றி ஒரு புத்தகம் எழுதினார். வேலையின்மை தொழில்துறையின் பிரச்சினை என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் இது சின்ன விஷயமில்லை. வேலையில்லாதவன் என்றால் குடிகாரன், சோம்பேறி, திறமையில்லாதவன் என்பதுதான் பொதுக் கருத்து. பெவரிட்ஜ் சொன்னது, ஒவ்வொரு துறைமுகக் கம்பனியும் தனக்கு அதிகம் ஆள் தேவைப்படக்கூடிய நாளை மனதில் வைத்து வாசலில் ஒரு கூட்டத்தைக் காத்திருக்க வைக்கிறது. எல்லாருக்கும் ஒரே நாளில் அத்தனை ஆள் தேவைப்படாது. ஆகவே எல்லா வாசல்களிலும் நிற்கிற கூட்டத்தைக் கூட்டிப் பார்த்தால் துறைமுகத்துக்கு எந்த நாளும் தேவைப்படாத அளவு ஆட்கள் நிற்கிறார்கள் என்பது. காத்திருக்கிற செலவு முழுதும் தொழிலாளியின் தலையில். கம்பனிக்குச் சதமும் போகாது.

அவர் சொன்ன மருந்து தொழில் பரிமாற்று நிலையம். தேவைகளை ஒரே இடத்தில் பதியுங்கள், ஆட்களும் அங்கேயே பதியட்டும். வின்ஸ்ரன் சேர்ச்சில் வர்த்தகச் சபையின் தலைவராக இருந்தபோது 1909 இல் சட்டம் வந்தது, 1910 பெப்ரவரி 1 ஆம் திகதி முதல் நிலையங்கள் திறந்தன, பெவரிட்ஜே அவற்றின் பணிப்பாளர். வெற்றிடம் என்பது அரசாங்கத்தின் பதிவேட்டில் எண்ணாக ஏறத் தொடங்கியது இப்படித்தான். ஆனால் வெற்றிடத்தை அறிவிக்கும்படி முதலாளிமாரைச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பினால் சொல்லலாம். தொழிற்சங்கங்களுக்கோ வேறு பயம்: வேலைநிறுத்தம் நடக்கிற இடத்துக்கு இந்த நிலையங்கள் ஆள் அனுப்புமோ என்று. ஆக, பதிவேட்டில் ஏறியது நாட்டிலுள்ள வெற்றிடங்கள் இல்லை, முதலாளிமார் சொல்ல விரும்பிய வெற்றிடங்கள்.

35 வருஷம் கழித்து, 1944 இல், அதே பெவரிட்ஜ் முழு வேலைவாய்ப்பு என்றால் என்ன என்று ஒரு வரைவிலக்கணம் கொடுத்தார். எப்போதும் வேலையில்லாத ஆட்களைவிட வெற்றிடங்கள் அதிகமாக இருக்கவேண்டும் என்பது அதன் முதல் பாதி. இந்த அளவுகோலை எடுத்து 2017 இன் இலங்கையில் வைத்துப் பாருங்கள். 3 லட்சத்து 60 ஆயிரம் பேருக்கு 5 லட்சம் வெற்றிடம். முழு வேலைவாய்ப்புள்ள நாடு! சிரிப்பு வருகிறது, ஆனால் கணக்கு அப்படித்தான் வரும்.

இரண்டாவது பாதியையும் வாசித்தால் சிரிப்பு அடங்கிவிடும். அந்த வேலைகள் நியாயமான சம்பளத்தில் இருக்கவேண்டும். வேலையில்லாதவர் எடுப்பார் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வகையிலும் இடத்திலும் இருக்கவேண்டும் என்று அவர் சேர்த்து எழுதியிருந்தார். சம்பளம், வகை, இடம். (அவர் எழுதியது ஆண்களைப் பற்றி மட்டும் என்பதும் உண்மை. அது தனியாக ஒரு கட்டுரைக்கு உரியது.) பிறகு வந்த பொருளியலாளர்களுக்கு முதல் பாதிதான் வசதியாக இருந்தது, ஏனென்றால் அதை வரையலாம். 1958 இல் டௌ, டிக்ஸ்-மிரோ என்ற இருவர் பிரித்தானியாவின் 1946 முதல் 1956 வரையான தரவுகளை எடுத்து, ஒரு அச்சில் வேலையின்மை, மற்ற அச்சில் வெற்றிடம் என்று போட்டுப் பார்த்தார்கள். ஒன்று ஏற மற்றது இறங்குகிற கோடு வந்தது. இன்றைக்குப் பாடப்புத்தகங்களில் அதற்குப் பெவரிட்ஜ் வளையி என்று பெயர். பெவரிட்ஜ் அதை வரையவே இல்லை.

பிரித்தானியாவுக்கு அரசாங்கப் பதிவேடு இருந்தது. அமெரிக்காவில் நாடு முழுவதற்கும் அப்படி ஒன்று இல்லாததால் அவர்கள் பத்திரிகையை எண்ணினார்கள். 1951 இலிருந்து கொன்ஃபரன்ஸ் போர்ட் என்ற வணிக ஆய்வு அமைப்பு 51 நகரங்களில், நகரத்துக்கு ஒரு பத்திரிகை என்று எடுத்து, அவற்றில் வருகிற "ஆட்கள் தேவை" விளம்பரங்களின் எண்ணிக்கையை மாதாமாதம் ஒரு சுட்டெண்ணாக வெளியிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை தடித்தால் பொருளாதாரம் நல்லாயிருக்கு, மெலிந்தால் மந்தம் வருகுது. பல பத்தாண்டுகளாக இந்தச் சுட்டெண்ணை ஆட்கள் நம்பினார்கள். முற்றாகப் பிழை என்றும் சொல்ல ஏலாது. மந்தம் வருகிறபோது விளம்பரம் விழத்தான் செய்தது.

ஆனால் 1970களிலும் 80களிலும் ஒரு விசித்திரம் தெரிந்தது. வேலையின்மையும் கூடவாக இருக்கிறது, விளம்பரமும் கூடவாக இருக்கிறது. அமெரிக்கத் தொழிலாளர்களுக்குச் சோம்பல் வந்துவிட்டது, வேலையும் ஆட்களும் பொருந்தவில்லை என்ற பேச்சு அங்கேயும் எழும்பியது. 1987 இல் கத்தரின் ஏப்ரகாம் என்ற பொருளியலாளர் இதை எடுத்து ஆராய்ந்தார். அவர் கேட்டது எளிமையான கேள்வி: விளம்பரம் கூடினால் வெற்றிடம் கூடியதாகத்தான் அர்த்தமா? இல்லை என்று காட்டினார். நகரங்களில் போட்டிப் பத்திரிகைகள் ஒவ்வொன்றாக மூடப்பட, அவற்றில் வந்த விளம்பரங்கள் எண்ணப்படுகிற பத்திரிகைக்கு வந்து சேர்ந்தன. தொழிற்சாலை வேலைகள் குறைந்து அலுவலக வேலைகள் கூடின. அலுவலக வேலைக்குத்தான் விளம்பரம் போடுவார்கள், தொழிற்சாலைக்கு வாய்ச்சொல் போதும். மூன்றாவது காரணம் சட்டம்.

இந்த மூன்றாவதில் கொஞ்சம் நிற்கவேண்டும். 1960கள் வரை அமெரிக்கப் பத்திரிகைகளில் வேலை விளம்பரம் இரண்டு பிரிவாக வரும்: ஆண்களுக்கு, பெண்களுக்கு. 1964 இன் குடியுரிமைச் சட்டம் வேலையில் பாகுபாட்டைத் தடைசெய்த பிறகும் பத்திரிகைகள் இதை உடனே விடவில்லை. பிற்ஸ்பேர்க் பிரஸ் என்ற பத்திரிகை உயர் நீதிமன்றம் வரை போனது. 1973 இல் 5க்கு 4 என்ற ஒற்றை வாக்கில்தான் தோற்றது. அந்தச் சட்டங்கள் வந்த பிறகு, நாங்கள் எல்லாருக்கும் சந்தர்ப்பம் கொடுத்தோம் என்று காட்டுவதற்காகவே நிறுவனங்கள் விளம்பரம் போடத் தொடங்கின. முன்பு மச்சானைக் கேட்டு, மாமாவைக் கேட்டு நிரப்பிய இடத்துக்கும் இப்போது விளம்பரம் வந்தது. நல்ல விஷயம்தான், நாங்கள் அதற்கு எதிரில்லை. ஆனால் எண்ணுகிறவர்களுக்கு அது புதிய வெற்றிடமாகத் தெரிந்தது.

இதன் உச்சம் இன்னும் கொஞ்சம் பிந்தி வந்தது. அமெரிக்காவில் வெளிநாட்டு ஊழியர் ஒருவருக்கு நிரந்தர வதிவிடம் எடுத்துக்கொடுக்க விரும்புகிற நிறுவனம், அந்த வேலைக்கு உள்நாட்டு ஆள் கிடைக்கவில்லை என்று காட்டவேண்டும். 2005 இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி அதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பத்திரிகை விளம்பரம் போடவேண்டும். அந்தக் கதிரையில் அநேகமாக ஆள் ஏற்கனவே இருக்கிறார்! யாரும் விண்ணப்பிக்காமல் இருந்தால்தான் நிறுவனத்துக்கு நல்லது. இப்படியான வேலைகளுக்கு ஃபேஸ்புக் தன் இணையத்தில் விளம்பரம் போடாமல் தபாலில் மட்டும் விண்ணப்பம் கேட்டது என்று அமெரிக்க நீதித் திணைக்களம் குற்றஞ்சாட்டி வழக்குப் போட்டது. 2021 ஒக்ரோபரில் 1 கோடியே 42 லட்சம் டொலர் வரை கொடுப்பதாக இணக்கம் வந்து முடிந்தது. ஆள் வரக்கூடாது என்ற ஆசையோடும் விளம்பரம் போடலாம் என்பது எங்களுக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

கத்தரின் ஏப்ரகாம் பிறகு அமெரிக்கத் தொழிற் புள்ளிவிபரப் பணியகத்தின் ஆணையாளரானார். அவருடைய காலத்தில் தயாராகி, 2000 டிசம்பரிலிருந்து தரவு வரத் தொடங்கியதுதான் ஜோல்ட்ஸ் என்கிற மாதாந்த அளவீடு. இது பத்திரிகையை எண்ணுவதில்லை, நிறுவனங்களையே கேட்கிறது. வெற்றிடம் என்றால் என்ன என்பதற்கும் நிபந்தனை வைத்திருக்கிறது: குறிப்பிட்ட வேலை ஒன்று இருக்கவேண்டும், 30 நாளுக்குள் ஆள் வேலை தொடங்கக்கூடியதாக இருக்கவேண்டும், வெளியிலிருந்து ஆள் தேடும் வேலை உண்மையில் நடந்துகொண்டிருக்கவேண்டும். மாதத்தின் கடைசி நாளில் அப்படி எத்தனை கிடக்கின்றன என்பதுதான் கேள்வி. அதே படிவத்தில் அந்த மாதம் எத்தனை பேரை எடுத்தீர்கள், எத்தனை பேர் தாங்களாக விட்டுப் போனார்கள், எத்தனை பேரை நீங்கள் நிறுத்தினீர்கள் என்றும் கேட்கிறார்கள்.

இப்படிக் கேட்டபோதுதான் ஒரு நிறுவனத்தின் வெற்றிடத்தையும் அது எடுத்த ஆட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. ஸ்டீவன் டேவிஸ், ஜேசன் ஃபேபர்மன், ஜோன் ஹோல்ட்டிவாங்கர் ஆகிய மூவரும் 2013 இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் செய்தது. முடிவுகள் சாதாரண புத்திக்கு எதிராக இருக்கின்றன. ஒரு மாதத்தில் வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பத்தில் நாலு பேருக்கு மேல், அந்த மாதத் தொடக்கத்தில் வெற்றிடமே இல்லை என்று சொன்ன நிறுவனங்களால் எடுக்கப்பட்டிருந்தார்கள். ஆறில் ஒரு ஆட்சேர்ப்புக்கு மேல், அந்த நிபந்தனைகளுக்குள் வரக்கூடிய வெற்றிடம் என்ற ஒன்றே இல்லாமல் நடந்திருந்தது. எல்லாவற்றிலும் முக்கியமானது: வேகமாக வளர்கிற நிறுவனங்களுக்கு வெற்றிடம் கொஞ்சம் கூடத்தான், ஆனால் அவை வெற்றிடத்தை நிரப்புகிற வேகம் மிக அதிகம்.

ஊர்க் கணக்கில் சொல்லுறதெண்டால், யாழ்ப்பாணத்தில ரெண்டு கடை என்று வைச்சுக்கொள்ளுங்கோ. ஒன்று வளருது. மாதம் ஒரு ஆளை எடுக்குது. 5 ஆம் திகதி போர்ட் போட்டால் 15 ஆம் திகதி ஆள் வந்திடும், ஏனென்றால் முதலாளி சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுறார், தெரிஞ்ச எல்லாரிட்டயும் கேக்கிறார், அனுபவம் இல்லாட்டியும் பழக்கி எடுக்கிறார். மற்றக் கடை வளரேல்லை. ஒரு வேலைக்கு வருஷம் முழுக்க போர்ட் தொங்குது. சம்பளம் கட்டாது எண்டு வாறவை திரும்பிப் போகினம். மாதக் கடைசியில் எண்ணினால் முதல் கடையின் வெற்றிடம் 12 மாதமும் 0. அது எடுத்தது 12 பேரை. இரண்டாவது கடையின் வெற்றிடம் 12 மாதமும் 1. எடுத்தது ஒருவரையும் இல்லை. இந்த இரண்டில் எதை "வேலை கிடக்கு" என்று சொல்லுவீர்கள்?

இது கடைக்கணக்கு மட்டுமில்லை. 2022 மார்ச்சில் அமெரிக்காவின் வெற்றிடங்கள் 1 கோடியே 20 லட்சத்தைத் தொட்டன. வேலையில்லாத ஒருவருக்கு 2 வெற்றிடம். ஒருத்தரும் வேலைக்கு வாறாங்கள் இல்லை என்று அங்கேயும் கடைகளில் அறிவித்தல் ஒட்டினார்கள். வெற்றிடம் குறைந்தால் வேலையின்மை கட்டாயம் உயரும் என்று ஒரு பகுதிப் பொருளியலாளர்கள் சொன்னார்கள், அப்படி இல்லாமலும் குறையலாம் என்று மறுபகுதி சொன்னது. 2024 அளவில் வெற்றிடங்கள் 80 லட்சம் அளவுக்கு இறங்கின. வேலையின்மை 4 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியதோடு நின்றது. நாற்பது லட்சம் "வேலை" காணாமல் போனது. அந்த அளவு ஆட்களின் வேலை போகவில்லை.

இனி ஊருக்கு வருவோம். பொருத்தமின்மை என்ற பேச்சு எங்களுக்கும் புதிதில்லை. 1971 ஏப்ரல் கிளர்ச்சி நடந்த அதே ஆண்டில், டட்லி சியர்ஸ் தலைமையிலான சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு இலங்கைக்காக ஒரு அறிக்கை எழுதியது. வேலைச் சந்தர்ப்பங்களையும் எதிர்பார்ப்புகளையும் பொருத்துவது என்பதே அதன் தலைப்பு. கல்வி வளர்த்துவிட்ட ஆசைக்கும் பொருளாதாரம் கொடுக்கிற வேலைக்கும் இடையிலான இடைவெளிதான் அதன் மையம். அந்த அறிக்கை சம்பளக் கட்டமைப்பைப் பற்றியும் வேலை உருவாக்கத்தைப் பற்றியும் நிறையச் சொல்லியது. ஆனால் பொதுப்பேச்சில் தங்கியது "எதிர்பார்ப்பு" என்ற சொல் மட்டும்தான் போல. கலைப்பீடத்தில் படிக்கிற எங்களுக்கு அந்தச் சொல்லை அடிக்கடி கேட்கக் கிடைக்கிறது.

அரசாங்க வேலையில் இந்தத் தொடர்பு இன்னும் விசித்திரம். வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த தலைமுறைகள் நாங்கள். அதிலே அறிவித்தல் வந்து, பரீட்சை நடந்து, நேர்முகம் முடிந்து, நியமனம் வருவதற்குள் ஆட்களுக்குக் கல்யாணம் முடிந்து பிள்ளையும் பிறந்துவிடும். மறுபக்கம், 2020 இல் 50 ஆயிரம் அளவிலான பட்டதாரிகளை மாதம் 20 ஆயிரம் ரூபாய் கொடுப்பனவில் பயிலுனர்களாக எடுத்தார்கள். ஆட்களை எடுத்த பிறகுதான் எங்கே அனுப்புவது என்று பார்த்தார்கள். வெற்றிடம் இல்லாத ஆட்சேர்ப்பு, வளர்ச்சியும் இல்லை.

திரும்ப அந்த 5 லட்சத்துக்கு வருவோம். அதில் ஒற்றைத் தொழிலாக முதலிடத்தில் இருந்தது தையல் இயந்திர இயக்குனர்கள், 77 ஆயிரத்துக்குச் சற்று மேல். அடுத்து பாதுகாப்பு ஊழியர்கள், செக்யூரிட்டி வேலை. இவை இரண்டும் எப்படியான வேலைகள் என்று எல்லாருக்கும் தெரியும். 1978 இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கிய காலத்திலிருந்து ஆடைத் தொழிற்சாலைகள் கிராமத்து இளம் பெண்களை எடுத்து, சில வருஷம் வேலை வாங்கி, அவர்கள் கல்யாணத்துக்கோ களைத்தோ விட்டுப்போக, அடுத்த பெண்ணை எடுத்துத்தான் ஓடுகின்றன. இலக்கு, ஓவர்டைம், போர்டிங் அறை வாடகை, இரவில் வலயத்து ரோட்டில் நடக்கிற பயம் எல்லாம் சேர்ந்ததுதான் அந்தச் சம்பளம். ஒருத்தி எழும்பிப் போன கதிரை வெற்றிடம். இன்னொருத்தி வந்து இருந்து, ஆறு மாதத்தில் அவளும் போனால் திரும்பவும் வெற்றிடம். தொழிற்சாலை ஒரு இயந்திரம்கூடப் புதிதாக வாங்காமலே வருஷம் முழுக்க பஸ்ஸில், சுவரில், வாசல் பதாகையில் ஆள் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

பெவரிட்ஜின் இரண்டாம் பாதியை இங்கே வைத்துப் பாருங்கள். சம்பளம், வகை, இடம். கட்டுநாயக்கவில் கிடக்கிற வெற்றிடத்தையும் முல்லைத்தீவில் பிள்ளையோடு வேலை தேடுகிற பெண்ணையும் ஒரே தராசில் போட்டு, வெற்றிடம்தான் கூட என்று சொன்னால் அந்தக் கணக்கு யாருக்காகப் போடப்பட்டது? எங்கட வேலை விளம்பரங்களைப் பார்த்தாலும் விளங்கும்: 18 முதல் 35 வயது, பெண்கள் மட்டும், ஆண்கள் விரும்பத்தக்கது. பிற்ஸ்பேர்க்கில் 1973 இல் விழுந்தது இங்கே இன்றைக்கும் சும்மா அச்சாகிறது. அப்படி வயதையும் பாலையும் போட்டு வெட்டிய வெற்றிடங்களும் அந்த 5 லட்சத்துக்குள்தான் இருக்கின்றன, வெட்டி விடப்பட்டவர்களும் அந்த 3 லட்சத்து 60 ஆயிரத்துக்குள்தான் இருக்கிறார்கள்.

ஆகவே அடுத்த முறை யாராவது மேடையிலோ தொலைக்காட்சியிலோ 5 லட்சம் என்று தொடங்கினால், அமெரிக்கப் படிவத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற மற்றக் கேள்விகளை நாங்கள் அவர்களிடம் கேட்கலாம். இந்த நிறுவனங்கள் போன வருஷம் எத்தனை பேரை எடுத்தன? எத்தனை பேர் விட்டுப் போனார்கள்? எடுத்ததிலிருந்து போனதைக் கழித்தால் என்ன மிஞ்சும்? அதோடு இன்னொன்று, அந்தப் படிவத்திலும் இல்லாதது: ஆள் கிடைக்காத அந்த வருஷத்தில் சம்பளத்தை எத்தனை ரூபாய் கூட்டினார்கள்?